வேலையும் வீடும் ஒரே கையில்

பசறையிலோ ஹாலிஎலயிலோ மடுல்சீமையிலோ தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் வேலைநிறுத்தம் என்ற பேச்சு எழுந்தால், எத்தனை நாள் சம்பளம் போகும் என்பது இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி பின்வரிசையிலிருந்து வரும். பெரும்பாலும் ஒரு வயதான அம்மாதான் கேட்பார்: “ஏங்க தலைவரே, காம்பராவ விட்டுப் போகச் சொன்னா எங்கங்க போறது?”

அந்தக் கேள்வியில் பயம் மட்டும் இல்லை, கணக்கும் இருக்கிறது. சம்பளம் தருகிறவனே கூரையையும் தருகிறான். தண்ணீர்ப் பீலியும் அவன் நிலத்தில்தான். பிள்ளைக்காம்பராவும் மருந்துக்காம்பராவும் அவன் சாவிக் கொத்தில்தான். இப்படியொரு ஆளிடம் சம்பளத்துக்காகச் சண்டை போடுவதும், பட்டணத்தில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு தொழிற்சாலை முதலாளியிடம் சண்டை போடுவதும் ஒன்றல்ல. இந்த வித்தியாசத்தைப் பற்றித்தான் இந்த இதழில் பேச நினைக்கிறோம். சம்பளத்தைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். வீட்டைப் பற்றிப் பேசும்போது மட்டும் அதை ஏதோ ஒரு நலன்புரி உதவி போலவும், யாரோ ஒரு அமைச்சர் நாடா வெட்டித் தரும் நன்கொடை போலவும் பேசுகிறோம். வீடு என்பது பேரம் பேசும் பலம். அதைச் சொல்ல, கொஞ்சம் தூரமாகப் போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவுக்கே போவோம். அங்கே மசாசூசெட்ஸ் மாநிலத்தில் லோரன்ஸ் என்று ஒரு ஆலை நகரம். நூறு வருடத்துக்கு முன்பு ஆற்றங்கரை முழுக்கக் கம்பளி ஆலைகளும் பருத்தி ஆலைகளும். வேலை செய்தவர்கள் இத்தாலி, போலந்து, லித்துவேனியா, சிரியா என்று பல தேசங்களிலிருந்து கப்பலேறி வந்த ஏழைகள். இருபதுக்கும் அதிகமான மொழிகள் அந்த ஊரில் பேசப்பட்டன. பாதிப் பேருக்கு மேல் பெண்களும் பிள்ளைகளுமாக உள்ள ஆலைகளும் இருந்தன. வாரத்துக்கு 56 மணித்தியால வேலை. கூலி சராசரியாக ஒன்பது டொலருக்கும் குறைவு. மரத்தால் கட்டிய மூன்று மாடி, நான்கு மாடி வீடுகளில் நெருக்கியடித்துக் குடியிருந்தார்கள். வாடகை கட்ட முடியாமல், இருக்கிற இரண்டு அறையிலும் வெளி ஆட்களைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு வீட்டுக்காரி தன் சமையலறை ஜன்னலால் கையை நீட்டி அடுத்த வீட்டுச் சுவரில் சட்டி பானையைத் தொங்கவிடும் அளவுக்கு வீடுகள் ஒட்டிக்கொண்டிருந்தன என்று அந்தக் காலத்தில் ஆராய்ந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். நமது லயத்தில் மேல்காம்பராவில் இருமினால் கீழ்க்காம்பராவில் எழும்புவதைப் போலத்தான்.

1912 ஜனவரியில் அங்கே ஒரு புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பெண்களும் பிள்ளைகளும் வாரத்துக்கு 54 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்பது சட்டம். நல்ல சட்டம்தான். முதலாளிகள் என்ன செய்தார்கள்? இரண்டு மணித்தியாலத்தைக் குறைத்து, அதற்கான கூலியையும் குறைத்தார்கள். சம்பள உறையைத் திறந்து பார்த்தால் 32 சதம் வரை குறைந்திருந்தது. சில ரொட்டி வாங்கும் காசு. நமது ஆட்களுக்கு இது புதிய கதை இல்லை. ஒரு கையால் சம்பளத்தைக் கூட்டி மறுகையால் கிலோவைக் கூட்டுவதை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். அங்கே முதலில் தறியை நிறுத்திவிட்டு வெளியே நடந்தவர்கள் போலந்துப் பெண்கள். மறுநாள் மற்ற ஆலைகளும் நின்றன. இருபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அது கடும் பனிக்காலம்.

இரண்டு மாதம் தாக்குப்பிடித்தார்கள். பொதுச் சமையலறைகள் வைத்து, ஒவ்வொரு மொழிக்காரரும் தங்கள் ஆட்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். பசியில் வாடிய பிள்ளைகளை நியூயோர்க்கில் இருந்த மற்றத் தொழிலாளர் குடும்பங்களுக்கு ரெயிலில் அனுப்பிவைத்தார்கள். கம்பளித் துணி நெய்யும் ஊரின் பிள்ளைகள், உடம்பில் கம்பளி உள்ளாடை இல்லாமல் போய் இறங்கினார்கள். உலகத்துக்கே முதல்தரத் தேயிலையை அனுப்பிவிட்டு நாம் தூளை ஊற்றிக் குடிப்பதுதான் நினைவுக்கு வருகிறது. ஒரு தடவை பிள்ளைகளை ஏற்றப் போன தாய்மாரை ரெயில் நிலையத்திலேயே பொலிஸ் அடித்தது. அந்த அடி அமெரிக்கா முழுக்கக் கேட்டது. வொஷிங்டனில் காங்கிரஸ் விசாரணை நடந்தது. ஆலை இயந்திரத்தில் தலைமுடி சிக்கி உச்சந்தோலே பிய்ந்து போன ஒரு சிறுமி அங்கே வந்து சாட்சி சொன்னாள். மார்ச் மாதம் முதலாளிகள் இறங்கி வந்தார்கள். கூலி கூடியது. மிகக் குறைந்த கூலி வாங்கியவர்களுக்கே அதிகமாகக் கூடியது.

ஏன் தாக்குப்பிடிக்க முடிந்தது? பல காரணம் சொல்லலாம். தலைமை, ஒற்றுமை, பெண்களின் பிடிவாதம் எல்லாம் உண்டு. ஆனால் பலர் கவனிக்காத ஒரு காரணமும் உண்டு. அந்த நாற்றம் பிடித்த மரவீடுகள் பெரும்பாலும் ஆலைக்காரனுக்குச் சொந்தமில்லை. வீட்டுக்காரன் வேறு, முதலாளி வேறு. வீட்டுக்காரன் வாடகைக்கு நச்சரித்திருப்பான், ஆனால் “தறிக்குத் திரும்பு, இல்லாவிட்டால் வெளியே போ” என்று சொல்லும் அக்கறை அவனுக்கு இல்லை.

இதையே திருப்பிப் போட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் அதே நாட்டில், அடுத்த ஆண்டே சாட்சி இருக்கிறது. கொலராடோ மாநிலத்தில் நிலக்கரிச் சுரங்கங்கள். அங்கே வீடு கம்பனியுடையது, கடை கம்பனியுடையது, வைத்தியரும் கம்பனி ஆள். பல சுரங்க ஊர்களில் காசுக்குப் பதிலாகக் கம்பனிக் கடையில் மட்டும் செல்லுபடியாகும் சீட்டைச் சம்பளமாகக் கொடுத்த காலம் அது. வெளியாள், அதிலும் சங்கத்து ஆள் உள்ளே வராமல் பார்க்கக் காவலாளிகளும் இருந்தார்கள். 1913 செப்டெம்பரில் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கிய உடனேயே வீடுகளைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. மழையிலும் பனியிலும் தட்டுமுட்டுச் சாமானை வண்டியில் ஏற்றிக்கொண்டு, சங்கம் குத்தகைக்கு எடுத்துவைத்திருந்த வெட்டவெளியில் கூடாரம் போட்டார்கள். அப்படி உண்டானதுதான் லட்லோ கூடார முகாம். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அந்தப் பனிக்காலம் முழுவதும் துணிக் கூரையின் கீழ் இருந்தார்கள். 1914 ஏப்ரல் 20ஆம் திகதி படையாட்கள் முகாமைச் சுட்டு, தீ வைத்தார்கள். துப்பாக்கிக் குண்டுக்குத் தப்ப ஒரு கூடாரத்தின் அடியில் வெட்டியிருந்த குழிக்குள் ஒளிந்த இரண்டு தாய்மாரும் பதினொரு பிள்ளைகளும் மூச்சுத் திணறிச் செத்தார்கள். அந்த ஆண்டு முடிவில் சங்கம் அங்கீகாரம் பெறாமலேயே வேலைநிறுத்தம் முடிந்தது.

அந்தச் சுரங்கக் கம்பனியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்தது ரொக்பெல்லர் குடும்பம். இந்தப் பெயர் நமது தோட்டங்களுக்கும் வந்த பெயர்தான். அதே ஆண்டுகளில், 1916 வாக்கில், ரொக்பெல்லர் தர்ம நிதியத்தின் காசில் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் மாத்தளைப் பக்கத்தில் தொடங்கியது. மலசலகூடம் இல்லாத லயம், செருப்பில்லாத கால், ஈர மண். புழு ஏறாமல் என்ன செய்யும்? இரத்தம் வற்றி, சோகை பிடித்து, மலையேற முடியாமல் நின்றவர்களைச் ‘சோம்பேறிக் கூலி’ என்று திட்டிய காலம் அது. மருந்து கொடுத்தார்கள், பலருக்குச் சுகமும் வந்தது. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் மருந்து குடித்தவர் அதே லயத்துக்கு, அதே மண்ணுக்குத் திரும்பினார். நோயைப் பார்த்தவர்கள் வீட்டையும் பார்த்தார்கள், மலசலகூடம் வெட்டச் சொன்னார்கள். வீடு யாருடையது என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை.

அந்தக் காலத்து ஊவாவை ஒரு நிமிடம் மனதில் கொண்டு வாருங்கள். ரெயில் பாதை 1894இலேயே பண்டாரவளைக்கு வந்துவிட்டது. தெமோதரை வளைவையும் எல்லப் பக்கத்து ஒன்பது வளைவுப் பாலத்தையும் தாண்டிப் பதுளைக்கு வந்து சேர 1924 ஆயிற்று. தேயிலைப் பெட்டி இறங்க வழி செய்துகொண்டார்கள். ஆட்களோ கங்காணி பின்னால் வந்தவர்கள். கப்பலேறும்போதே கையில் ஒரு தகரத் தகடு. அதில் மாவட்டத்தின் எழுத்தும் தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் பொறித்திருக்கும். பெயர் இருக்காது. வந்து சேரும்போதே வழிச்செலவு கடனாக ஏறியிருக்கும். விடியற்காலை தப்புச் சத்தம் அல்லது கொம்புச் சத்தம், பெரட்டுக்களம், கங்காணியின் தலைக்காசு, கொழுந்து நிறுவை, அரைப்பேர். அரிசியைத் தோட்டமே கொடுத்து அதன் விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா, அதிலேயே அடுப்பு, அதிலேயே பிரசவம், அதிலேயே சாவு. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயமானால் பின்பக்கம் ஜன்னலும் கிடையாது.

வேறு தோட்டத்துக்குப் போக நினைத்தால் துண்டு வேண்டும். ‘இவருடைய கடனைக் கட்டினால் இவரை விட்டுவிடுகிறோம்’ என்று துரை எழுதித் தரும் சீட்டுத்தான் துண்டு. துண்டு இல்லாதவரை அடுத்த தோட்டம் எடுக்காது. கடனில் கட்டிய ஆளைக் காகிதத்தில் கைமாற்றுவதற்கு வேறு பெயரும் உண்டு, அதை நாம் எழுத வேண்டியதில்லை. 1921இல் துண்டு முறையைச் சட்டம் ஒழித்தது. 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. ஒவ்வொன்றும் பெரிய முன்னேற்றம். ஆனால் இரண்டு சட்டமும் லயத்தின் கதவில் வந்து நின்றுவிட்டன. காம்பராவின் சாவி துரையிடமே இருந்தது. பற்றுச்சீட்டு எழுதினால் வேலையும் போகும், வீடும் போகும்.

வெளியாள் உள்ளே வருவதும் அத்துமீறல்தான். கோ. நடேசய்யர் தோட்டங்களுக்குள் நுழையப் புடைவை வியாபாரி வேடம் போட்டுப் போனார் என்று நமது பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். பின்னர் 1931இல் அவர் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மையார் பாட்டாகப் பாடியே ஆட்களைச் சேர்த்தார். சங்கத்தில் சேர்வது குற்றமில்லை. ஆனால் சங்கக்காரர் உள்ளே கால் வைப்பது குற்றம். கொலராடோவில் இருந்த அதே வேலிதான்.

இதையெல்லாம் மீறி நமது பதுளையில் ஒரு வேவஸ்ஸ நடந்தது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் பொலிஸ் சூட்டில் விழுந்த பிறகு மலைநாடு முழுக்கப் போராட்டம் பரவியது. மே மாதம் வேவஸ்ஸத் தோட்டத் தொழிலாளர் வேலையை நிறுத்தி, தங்களுக்குள் ஒரு சபையைத் தெரிவு செய்து, அதைக் கலந்து பேசியே நிர்வாகம் நடக்க வேண்டும் என்று துரையை ஒப்புக்கொள்ள வைத்தார்கள். அடக்க வந்த ஆயுதப் பொலிஸாரிடமிருந்து ஆயுதத்தைப் பறித்தார்கள். பதுளைப் பிள்ளைகள் பாடசாலையில் இதைப் படிப்பதில்லை என்பது நமக்கு ஒரு குறைதான்.

வேவஸ்ஸவைச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. லயம் நம்மைக் கட்டிப்போட்டது என்பது உண்மை. அதே லயம்தான் நம்மைச் சேர்த்து வைத்ததும். பீலிக்கரையில் காலையில் சொன்ன செய்தி பத்து மணிக்கு எல்லா மலைக்கும் போய்விடும். தனித்தனி வீடாகப் பிரிந்து போனால் சங்கம் தளர்ந்துவிடுமோ என்று நமது மூத்த தோட்டத் தலைவர்கள் சிலர் கவலைப்படுகிறார்கள். நியாயமான கவலை. லோரன்ஸைப் பார்த்தால் அந்தக் கவலை கொஞ்சம் குறையும். அங்கே தெருத் தெருவாக, மொழி மொழியாகப் பிரிந்து கிடந்தவர்கள்தான் இரண்டு மாதம் ஒன்றாக நின்றார்கள்.

லயம் என்பது வெறும் வேலைக்காரக் குடில் அல்ல, அது ஒரு மனிதனின் வீடு என்று நீதிமன்றத்தில் சொல்லிப் போராடியதும் நமது ஆள்தான். கேகாலைப் பக்கத்தில் நேவ்ஸ்மயர் என்றொரு தோட்டம். கிராம விஸ்தரிப்புக்காக அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டு, அங்கிருந்த நமது குடும்பங்களை வெளியேறச் சொன்னது. 1946இல் அதற்கு எதிராகப் பெரிய போராட்டம் நடந்தது. வெளியேற மறுத்ததற்காகச் செல்வநாயகம் என்ற தொழிலாளி மீது குற்றவியல் அத்துமீறல் வழக்குப் போட்டார்கள். வழக்கு லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை போயிற்று. 1950இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. யாருக்கும் தொல்லை கொடுக்கும் எண்ணத்தில் அவர் அங்கே இருக்கவில்லை, வாழ்நாள் முழுவதும் இருந்த தன் வீட்டை விடாமல் வைத்துக்கொள்ளவே இருந்தார் என்று நீதிபதிகள் கண்டார்கள். தீர்ப்பு வருவதற்கு முன்னரே, 1948இல், பிரஜாவுரிமைச் சட்டம் நம்மில் பெரும்பாலானோரை நாடற்றவர் ஆக்கிவிட்டது. வீட்டில் இருக்கலாம், நாட்டில் இல்லை என்ற நிலை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஒப்பந்தங்கள், கப்பல், 1970களில் தோட்டங்களை அரசு எடுத்தது, 1992இல் கம்பனிகளிடம் நிர்வாகம் போனது, 2003இல் மீதமிருந்தோருக்கும் பிரஜாவுரிமை. காணி இன்றும் அரசுடையது, 2045 வரை கம்பனிகளுக்குக் குத்தகை. அதனால் ஒரு வசதியான விளையாட்டு நடக்கிறது. கம்பனியிடம் கேட்டால் ‘காணி அரசாங்கத்துடையது’ என்கிறது. அரசாங்கத்திடம் கேட்டால் ‘குத்தகையிலிருந்து விடுவிக்க வேண்டும்’ என்கிறது. நடுவில் நிற்பது நாம்.

இந்த விளையாட்டின் விலை என்ன என்பதைக் கொஸ்லந்தை மீரியபெத்தையில் பார்த்தோம். 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். பிறகு சிலர் நம்மையே குற்றம் சொன்னார்கள்: எச்சரித்தும் ஏன் போகவில்லை? எங்கே போவது? சொந்தக் காணி உள்ளவன் ஆபத்தென்றால் விற்றுவிட்டுப் போவான், அடகு வைப்பான், வேறு இடத்தில் ஒரு குடிசை போடுவான். லயத்தில் இருப்பவன் கையில் விற்கவோ அடகு வைக்கவோ என்ன இருக்கிறது? எச்சரிக்கைக் கடிதம் கூரையாகாது.

அன்றாடச் சின்னச் சின்ன விஷயத்திலும் இதுதான். லயத்துக்கு இலக்கம் கொண்ட முகவரி இல்லை. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வரும், அங்கிருந்து என்றைக்கு வருமோ வரும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி முடிந்த பிறகு கையில் கிடைத்த பிள்ளைகளை நமக்குத் தெரியும். கூரைத் தகரம் ஓட்டையானால் மாற்றத் துரையிடம் மனுப் போட வேண்டும். முன்னால் ஒரு அறை இறக்கினால் கேள்வி. கொழும்பில் கடையில் வேலை செய்யும் மகன் காசு அனுப்பினாலும் சுவரை உயர்த்த முடியாது. வீட்டில் ஒருவராவது செக்ரோலில் பேர் போட வேண்டும் என்று மறைமுகமாகச் சொல்லும் தோட்டங்களும் உண்டு. படித்த பிள்ளையை ஒரு காம்பராவைக் காப்பாற்றுவதற்காக மலைக்கு அனுப்பிய தாய்மார் நம் மத்தியில் இருக்கிறார்கள். பிரதேச சபைகூட 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி தோட்டக் குடியிருப்புக்குக் காசு செலவழிக்க முடியாமல் இருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. வாக்குப் போட்டோம், பாதை போடச் சொல்ல முடியவில்லை.

“காணியைக் கொடுத்தால் எல்லாரும் வேலையை விட்டுப் போய்விடுவார்கள், தேயிலை அழிந்துவிடும்” என்று கொழும்புப் பக்கத்தில் ஒரு பேச்சு எப்போதும் உண்டு. இதற்கும் அமெரிக்காவிலிருந்தே ஒரு பதில் இருக்கிறது. சிக்காகோவுக்குத் தெற்கே புல்மன் என்ற ரெயில் பெட்டி முதலாளி 1880களில் ஒரு ஊரையே கட்டினார். நேர்மையாகச் சொன்னால் நல்ல வீடுகள். செங்கல் சுவர், குழாய்த் தண்ணீர், எரிவாயு விளக்கு. அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நமது லயம் மாட்டுக்கொட்டில். 1893இல் சிக்காகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் இலங்கை மண்டபம் வைத்து நமது தேயிலையை ஊற்றிக் கொடுத்தார்கள். அந்தக் கண்காட்சிக்கு வந்தவர்களில் பலர் அப்படியே போய்ப் புல்மன் ஊரையும் அதிசயமாகப் பார்த்துவிட்டு வந்தார்கள். அந்த ஆண்டே வியாபாரம் படுத்தது. புல்மன் கூலியைக் கால்பங்கு அளவுக்கு வெட்டினார், வீட்டு வாடகையைக் குறைக்கவில்லை. வாடகை பிடித்த பிறகு கையில் வருவது அற்பம். 1894 மே மாதம் வேலைநிறுத்தம் வெடித்தது. அது ரெயில்வே முழுக்கப் பரவி, மத்திய அரசு இராணுவத்தை இறக்கி நசுக்கியது. தொழிலாளர் தோற்றார்கள். ஆனால் நான்கு வருடம் கழித்து, 1898இல், இலினோய் மாநில உயர்நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது: ரெயில் பெட்டி செய்ய அனுமதி பெற்ற கம்பனி ஒரு ஊரைச் சொந்தமாக வைத்து நடத்த முடியாது. தொழிற்சாலைக்குத் தேவையில்லாத வீடுகளையெல்லாம் கம்பனி விற்க வேண்டியதாயிற்று.

ரெயில் பெட்டி செய்வது நின்றுபோனதா? இல்லை. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் அந்த ஆலை ஓடியது. ஆட்கள் சொந்த வீட்டிலிருந்து வேலைக்குப் போனார்கள், அவ்வளவுதான். கூலி கட்டுப்படியானால் வருவார்கள். கட்டுப்படியாகாவிட்டால் வரமாட்டார்கள். காணி கொடுத்தால் ஆள் போய்விடும் என்று பயப்படுகிற கம்பனி உண்மையில் சொல்வது என்ன? இந்தச் சம்பளத்துக்கு, போக வேறு இடம் இருக்கிற எவனும் வரமாட்டான் என்பதுதானே. அது நமது வாதம், அவர்கள் வாயால் வருகிறது.

எனவே எமது சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் காணி உறுதி, சம்பளத்துக்குக் கீழே நாலாவது ஐந்தாவது இடத்தில் இருப்பதை நாம் ஏற்கவில்லை. சம்பளத்தோடு ஒரே வரியில் வர வேண்டும். ஏழு பேர்ச்சஸ் என்பது ஏறக்குறைய 1,900 சதுர அடி. நமது பாட்டன் பிறந்த காம்பரா 120 சதுர அடி. அந்த ஏழு பேர்ச்சஸில் ஒரு கொய்யா மரம், நாலு வரி போஞ்சி, ஒரு மாட்டுக் கொட்டில், மகள் கலியாணத்துக்கு வங்கியில் வைக்க ஒரு உறுதி. இரண்டு மாத வேலைநிறுத்தத்தைத் தாங்கும் பலம் இந்த மாதிரி விஷயத்தில்தான் இருக்கிறது, மேடைப் பேச்சில் இல்லை.

சொந்த வீடு வந்தால் சிரமமும் வரும். தகரம் பறந்தால் நாமே மாற்ற வேண்டும். வரி, மின்சாரப் பட்டியல், எல்லைத் தகராறு, அண்ணன் தம்பி வழக்கு எல்லாம் வரும். அதற்கும் ஆயத்தமாக வேண்டியதுதான். மற்றக் குடிமக்களுக்கு உள்ள தலைவலி நமக்கும் வரட்டும்.

இப்போது அவசரமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று. காணி என்ற பெயரில் பலவிதத் தாள்கள் கைக்கு வருகின்றன. சான்றிதழ் வேறு, அனுமதிப் பத்திரம் வேறு, உறுதி வேறு. முன்பு சம்பளத்தில் மாதாமாதம் பிடித்து வீட்டுக் கடனைக் கட்டி முடித்துவிட்டு, உறுதி வராமல் இன்றும் காத்திருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. ஆகவே யார் வந்து எந்த விழாவில் தந்தாலும் தாளை நன்றாகப் பாருங்கள். காணித் துண்டின் இலக்கம் இருக்கிறதா, நில அளவைப் படத்தின் இலக்கமும் திகதியும் இருக்கின்றனவா, எத்தனை பேர்ச்சஸ் என்று எழுதியிருக்கிறதா, கணவன் மனைவி இருவர் பெயரும் இருக்கின்றனவா, காணிப் பதிவகத்தில் பதிந்த குறிப்பு இருக்கிறதா, வேலையை விட்டால் காணியும் போகும் என்று எங்காவது ஒரு மூலையில் நிபந்தனை ஒளிந்திருக்கிறதா. அந்தக் கடைசி நிபந்தனை இருந்தால் அது பழைய துண்டுதான், புதுத் தாளில். சிங்களத்தில் மட்டும் எழுதியிருந்தால் தமிழ்ப் பிரதி கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

சந்தேகம் இருந்தால் கையெழுத்துப் போடாமல் உங்கள் தோட்டத் தலைவரிடம் கொடுத்துச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். மாதர் சங்கத் தலைவிகள் லயம் லயமாகப் போய், யார் வீட்டில் என்ன தாள் இருக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதி, அடுத்த மாவட்டக் கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். எந்தக் குடும்பத்திடமும் ஒரு தாளும் இல்லை என்றால், அதையும் எழுதுங்கள்.